சூத்திரம் சொன்ன அமைதி

நான் முப்பது வருடங்கள் வேலை செய்த நிறுவனம் சென்ற மாதம் ஒரு விளம்பரப் புத்தகம் வெளியிட்டிருக்கிறது. பழைய சக ஊழியர் ஒருவர் அதை எனக்கு அனுப்பிவைத்தார். பார்த்தால் பெருமைப்படுவேன் என்று நினைத்திருப்பார் போலும். பதினோராம் பக்கத்தில் ஒரு புல்வெளியின் படம். அதன் கீழே, எங்கள் ஒலிக் கணிப்பு முறை இந்த இடத்தில் நேரடி அளவீட்டால் உறுதிசெய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் புல்வெளியை எனக்குத் தெரியும். அதன் குறுக்கே ஒலி எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டவள் நான். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அளந்தவளும் நான்தான். அந்த அளவீடு எங்கள் கணிப்பை உறுதிசெய்யவில்லை, அது பொய் என்று காட்டியது. இப்போது அதே கணிப்பு முறையை ஒரு மென்பொருளுக்குள் போட்டு விற்கிறார்கள். இயந்திரம் எங்கே, வீடு எங்கே என்று குறித்தால் திரையில் வண்ணப் படம் விரியுமாம். பச்சை நிறம் என்றால் அமைதி. அந்தப் பச்சைக்குள் யார் படுத்துக்கிடந்தார் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் சிவபாக்கியம். தூய கணிதம், பிரயோக கணிதம் என்று யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே படித்து, பேராதனையில் பட்டம் வாங்கினேன். நாட்டில் இருக்க முடியாத நிலை வந்தபோது லண்டன் வந்தேன். பகலில் கடையொன்றில் கல்லாவில் நின்று, மாலை வகுப்பில் இன்னொரு பட்டம் படித்து, முப்பத்தைந்து வயதில் ஒலியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் கணிதப் பிரிவில் சேர்ந்தேன். புதிய தொழிற்சாலையோ குளிர்பதன நிலையமோ கட்டுவதென்றால் அதன் இரைச்சல் அக்கம்பக்கத்து வீடுகளில் எவ்வளவு கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். உள்ளூர் நகராட்சியான கவுன்சில் அதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கும். அந்த எண்ணைச் சொல்வதுதான் என் தொழில்.

எப்படிச் சொல்வது? விசிறி ஒன்றிலிருந்து கிளம்பும் ஒலி நேராகவும் வரும், நிலத்தில் பட்டும் வரும். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரு தொகையீடு கிடைக்கும். உள்ளே இருப்பது சிக்கலெண் சார்பு. அது பேய் பிடித்ததுபோல் மேலும் கீழும் ஆடும். ஒரு துண்டைக் கூட்டினால் அடுத்த துண்டு அதை அழித்துவிடும். நேராகக் கூட்டப்போனால் கணினியே மூச்சு வாங்கும். எனவே தோராய வழியைத் தேடுகிறோம்.

வழி இதுதான். சிக்கலெண் தளத்தை ஒரு மலைநாடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். பாதையை நம் விருப்பப்படி வளைக்கலாம், விடை மாறாது என்று கணிதம் உறுதி தருகிறது. ஆகவே இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய் வழியாக, மிகச் செங்குத்தாக ஏறி மிகச் செங்குத்தாக இறங்கும் பாதையைத் தேர்ந்தெடுக்கிறோம். அப்போது மொத்தத் தொகையும் ஏறக்குறைய கணவாயின் உச்சியைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு இடத்திலிருந்தே வந்துவிடும். மற்றதெல்லாம் பள்ளத்தில் கரைந்துபோகும். முடிவில்லாத தொகையீடு ஒரு வரிச் சூத்திரமாகச் சுருங்கும். தூரம் கூடக் கூட அந்தச் சூத்திரம் இன்னும் திருத்தமாகும். முதன்முதலாக அதைப் படித்த நாளில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. இவ்வளவு கொந்தளிப்பை இவ்வளவு சிறிய இடத்திலிருந்து எடைபோட முடியுமா என்று.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. கணவாய்க்குப் பக்கத்தில் முனைவு இருக்கக்கூடாது. முனைவு என்பது சார்பின் பெறுமானம் முடிவிலிக்குப் போகும் புள்ளி. நம் மலைநாட்டில் அது வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் ஒரு தூண். தூரத்தில் நின்றால் தொல்லையில்லை. கணவாயின் வாசலிலேயே நின்றால் ஒரு வரிச் சூத்திரம் முழுப்பொய் சொல்லும். விசிறியும் தாழ்வாக, கேட்பவர் காதும் தாழ்வாக, நடுவில் நீண்ட புல்வெளி இருந்தால், முனைவு அங்கேதான் வந்து நிற்கும். அப்போது வெறும் சூத்திரம், நிலத்தில் பட்டு வரும் ஒலி தலைகீழாகத் திரும்பி நேரே வரும் ஒலியை விழுங்கிவிடும், எனவே அங்கே பெரும்பாலும் அமைதிதான் என்று சொல்லும். உண்மையில் நிலத்தை ஒட்டியே இன்னொரு பகுதி ஒலி ஊர்ந்து வருகிறது. அதைச் சேர்ப்பதற்குத் திருத்தம் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. பல தலைமுறைகளாகப் பாடப்புத்தகங்களில் கிடக்கிறது. கையால் செய்தால் இரண்டு பக்கம்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் டாக்டர் வெல்பி. எங்கள் கணிதப் பிரிவின் தலைவர், பின்னாளில் நிறுவனத்துக்கே தலைவர். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். என் பெயரைச் சொல்ல வராமல் முதல் நாளே 'சிவா' என்று சுருக்கிவிட்டார். அது வேறொருவரின் பெயர் என்று நான் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டிவிட்டு மீண்டும் 'சிவா' என்றார். முப்பது வருடமும் அப்படியே.

அவருக்குக் குரல் உயராது. கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேசையில் நேராக வைப்பார். கோடு போடும் ஒரு மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைத்து, உதட்டுக்குள் வாசித்தபடி வரிவரியாக இறக்குவார். எதிரில் நிற்பவருக்கு உட்காரச் சொல்லமாட்டார். சந்தேகம் வந்த இடத்தில் அடிமட்டம் நின்றுவிடும். 'இங்கே பிழை' என்று சொல்லமாட்டார். அடிமட்டம் நிற்கும், அவர் ஜன்னலைப் பார்ப்பார், நாம் தாளை எடுத்துக்கொண்டு திரும்பவேண்டும். அதற்குப் பிறகு பிழையைத் தேடுவது நம் வேலை.

ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்திலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். பள்ளத்தாக்குகள் எங்கே? கணவாய் எங்கே? முனைவு எங்கே? முனைவுக்கும் கணவாய்க்கும் எவ்வளவு தூரம்? நான்காவதற்குப் பதில் இல்லாத தாளை அவர் தொடக்கூட மாட்டார். அதோடு, எந்தப் புதிய இடமானாலும் மூன்று புள்ளிகளிலாவது தோராயம் எதுவும் இல்லாமல் தொகையீட்டை நேரடியாகக் கணினியில் கூட்டிப் பார்த்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டும்.

சேர்ந்த முதல் வருடம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மின்னாக்கி வைப்பதற்கான கணக்கு எனக்கு வந்தது. விளையாட்டு மைதானத்தின் மறுகரையில் ஒன்றும் கேட்காது என்று எழுதிக் கொடுத்தேன். அடிமட்டம் கடைசி வரியில் நின்றது. அன்று மட்டும் அவர் வாய்திறந்தார்.

"அமைதி என்பதுதான் மிகவும் சந்தேகத்துக்குரிய விடை, சிவா. இயந்திரம் ஓடினால் சத்தம் வரும். வராது என்று உங்கள் கணக்குச் சொன்னால் முதலில் கணக்கைச் சந்தேகப்படுங்கள்."

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். முனைவைக் கணவாய்க்கு மிக அருகில் கண்டுபிடித்தேன். திருத்தத்தைச் சேர்த்ததும் அமைதி மறைந்தது. மின்னாக்கியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வெல்பி ஒற்றைச் சொல்லில் "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவரை இருபத்தைந்து வருடம் மதித்தேன். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை அறியாமையால் நடந்தது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அந்த மனிதருக்குத் தெரியும். எனக்குக் கற்றுத்தந்ததே அவர்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்கு அப்பால் ஒரு தரவு மையம் கட்டுவதற்கான வேலை வந்தது. ஜன்னல் இல்லாத பெரிய கட்டடம். உள்ளே கணினிகள், அவற்றின் சூட்டை வெளியேற்ற வெளியே வரிசையாகப் பெரிய விசிறிகள். விசிறிகளைத் தரைமட்டத்திலேயே வைத்திருந்தார்கள். அவற்றுக்கு எதிரே உயரமான புல் வளர்ந்த வெளி. அதன் மறுகரையில் இரண்டு மாடி வீடுகளின் வரிசை, கீழ்த்தளத்தில் படுக்கையறைகள். வரைபடத்தைப் பார்த்த உடனேயே பள்ளிக்கூட மைதானம் மறுபடி வந்து நிற்கிறது என்று தெரிந்தது.

நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். முனைவு கணவாயை ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்று புள்ளிகளில் நேரடியாகக் கூட்டினேன். எல்லாம் ஒரே கதையைச் சொன்னது. விசிறிகளுக்கு ஒலித்தணிப்பான் பொருத்தாமல் அனுமதி கேட்கக்கூடாது என்று இரண்டு பந்திகள் எழுதி அறிக்கையில் சேர்த்தேன்.

வெல்பி அடிமட்டத்தை எடுக்கவில்லை. தாளை வெறுமனே புரட்டினார்.

"திருத்தத்தைச் சேர்த்தால் என்ன வருகிறது?"

"நேர் ஒலியின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு."

"சேர்க்காவிட்டால்?"

"நான்கில் ஒரு பங்கு."

"கவுன்சில் ஏற்றுக்கொள்ளும் கையேடு எதைக் கேட்கிறது?"

"சேர்க்காததை. ஆனால் அந்தக் கையேடு இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதப்பட்டதில்லை. அது உங்களுக்கு..."

"அனுமதிக்கப்பட்ட முறை எதுவோ அதைத்தான் நாம் செய்கிறோம், சிவா. வாடிக்கையாளரை வீணாகப் பயமுறுத்தவேண்டாம். கவுன்சிலின் அனுமதி விசாரணை வியாழக்கிழமை."

என் இரண்டு பந்திகளையும் பின்னிணைப்புக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். புதன்கிழமை மத்தியானம் கையெழுத்துக்கு வந்த பிரதியில் பின்னிணைப்பே இல்லை. போய்க் கேட்டேன். "அறிக்கை நீண்டுவிட்டது, எடுத்துவிட்டேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் அவரை மட்டும் திட்டினால் அது நேர்மையில்லை. கணக்கைத் தயாரித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கவுன்சிலில் படித்த ஒருவர் இருப்பார், அவர் கேள்வி கேட்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைத்துப் போயிருந்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. அனுமதி கிடைத்தது. கட்டடம் எழும்பியது. விசிறிகள் ஓடத் தொடங்கின.

ஒரு வருடத்துக்குப் பிறகு கவுன்சிலிலிருந்து ஒரு கோப்பு வந்தது. அந்த வீட்டு வரிசையில் ஒருவர் இடைவிடாமல் முறையிடுகிறார், வழக்கமான பதில் ஒன்றை எழுதித் தாருங்கள் என்றார்கள். "இரண்டு வரி போதும்," என்று வெல்பி அதை என்னிடம் தள்ளினார். திறந்தேன். தவமணி என்ற பெயர். மூன்று கடிதங்கள். கையால் எழுதிய, இலக்கணம் தடுமாறும் ஆங்கிலம். எனக்குப் பைத்தியம் இல்லை, நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன், பகலில்தான் படுக்கிறேன், பகலில் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். மூன்று கடிதத்திலும் கடைசி வரி அதுவே: பகலில் வந்து பாருங்கள்.

கவுன்சில் ஆள் இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டு முறையும் இரவில். இரவு நேர இரைச்சலுக்குத்தான் படிவம் இருக்கிறதாம். விசிறிகள் குளிர்ந்த இரவில் மெதுவாகவும் வெயில் ஏறிய பகலில் முழு வேகத்திலும் ஓடும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டால் எவரும் சொல்லியிருப்பார்கள், அவர் கேட்கவில்லை. ஒன்றும் பதிவாகவில்லை. கோப்பில் எங்கள் அறிக்கையின் பக்கத்தை இணைத்து, கணிப்பின்படி இந்த வீட்டில் ஒலி கேட்க வாய்ப்பில்லை என்று எழுதி மூடிவிட்டார். அதற்குப் பின்னால் வைத்தியரின் கடிதம் ஒன்றின் பிரதி. அந்தப் பெண்ணின் செவிப்புலன் சாதாரணமாக இருக்கிறதாம். வெளியே ஒலி இல்லை என்று நிபுணர் அறிக்கை சொல்வதால் இல்லாத ஒலி கேட்கும் நிலை என்று முடிவுசெய்து, மாத்திரையும் மனநல ஆலோசனையும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

நிபுணர் அறிக்கை. அதில் இருந்தது என் கையெழுத்து.

இரண்டு வரி எழுதவில்லை. லீவு போட்டேன். கருவி அறைக்குப் பொறுப்பானவரிடம் சொந்தப் பொறுப்பில் ஒலிமானியையும் முக்காலியையும் வாங்கிக்கொண்டு, நல்ல வெயில் நாளாகப் பார்த்து, என் வீடு இருக்கும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரயிலேறினேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினேன்.

தவமணிக்கு ஐம்பது வயதிருக்கும். டென்மார்க்கில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். தமிழில் பேசியதும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"கவுன்சில்ல இருந்தோ?"

"இல்லை. சத்தம் அளக்கிற கொம்பனியில இருந்து வாறன். பகலில வந்து பாக்கச் சொல்லி எழுதியிருந்தியள்."

"அதை ஆரும் வாசிச்சவையோ!" என்றார். சிரிக்கவில்லை. "உள்ளுக்கு வாங்கோ அக்கா."

படுக்கையறையில் கறுப்புத் திரை. ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்திருந்தது. முக்காலியை விரித்து, கருவியைச் சரிபார்த்துத் தலையணை உயரத்தில் நிறுத்தினேன். நின்றபடி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கருவியின் திரையில் மட்டும் தாழ்ந்த சுருதியில் ஒற்றைக் கோடு ஒன்று நெடுக எழுந்து நின்றது.

"நிண்டா கேக்காது," என்றார் தவமணி. "படுங்கோ. படுத்தாத்தான்."

முன்பின் தெரியாத ஒருவரின் கட்டிலில், சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். தலை தலையணையில் பட்டதும் வந்தது. காதுக்குள் அல்ல, தாடை எலும்புக்குள். நிற்காத, ஏறாத, இறங்காத ஒரு முனகல். ஐந்து நிமிடம் கிடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எழும்பும்போதுதான் தெரிந்தது.

"கேக்குதோ?"

"ஓம். கேக்குது."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "என்ர மகளே சொல்லுறாள், அம்மா இது உங்கட தலைக்குள்ள எண்டு. அந்த மாத்திரை குடிச்சா வேலையில கை நடுங்குது. மருந்து குடுக்கிற பொறுப்பில இருந்து என்னை எடுத்துப்போட்டினம். இருபது வருஷமா நான் செய்யிற வேலை அக்கா அது. இப்ப படுக்கை விரிக்கிறன்."

நான்கு மணி நேரம் அளந்தேன். அலுவலகத்துக்கு வந்து, எறியப்பட்ட பின்னிணைப்பில் இருந்த என் எண்ணுக்குப் பக்கத்தில் அளவீட்டை எழுதினேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. கணக்கும் உலகமும் இப்படிப் பொருந்துவது எங்கள் தொழிலில் கொண்டாடவேண்டிய விஷயம். என்னால் கொண்டாட முடியவில்லை. பொருந்தும் என்று அறிக்கை எழுதும்போதே எனக்குத் தெரியுமே!

தாளை வெல்பியின் மேசையில் வைத்தேன். இந்த முறை நான் கேட்காமலே உட்கார்ந்தேன். அவர் இரண்டு எண்களையும் பார்த்தார்.

"புல் வளர்ந்திருக்கலாம்," என்றார். "நிலத்தின் தன்மை மாறியிருக்கலாம்."

"புல்லா? முனைவு எங்கே என்று கேட்கச் சொல்லித் தந்தவர் நீங்கள். அமைதியைச் சந்தேகப்படச் சொன்னவர் நீங்கள். ஒரு பெண் உங்கள் அமைதிக்குள் படுத்துக்கிடந்து மாத்திரை விழுங்குகிறார். நீங்கள் புல்லைச் சொல்கிறீர்கள்."

"குரலைத் தாழ்த்துங்கள், சிவா."

"என் பெயர் சிவபாக்கியம். இந்த அளவீட்டை நீங்கள் கவுன்சிலுக்கு அனுப்பாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் அனுப்புவேன்."

வியாழக்கிழமையே அனுப்பினார். அனுப்பிய முறையைக் கேளுங்கள். அந்த இடத்தின் நிலப்பரப்பு அறிக்கைக்குப் பிறகு மாற்றமடைந்துள்ளதால் கணிப்பைப் புதுப்பித்துள்ளோம் என்று ஒரு வாக்கியம். கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. பழி முழுவதும் புல்லின் தலையில். அதோடு, தவறைத் தாமே கண்டுபிடித்துச் சொன்ன பொறுப்பான நிறுவனம் என்று கவுன்சில் நன்றிக் கடிதம் வேறு எழுதியது. இரண்டு மாதத்தில் ஒலித்தணிப்பான்கள் பொருத்தினார்கள். முனகல் நின்றது. புல் என்ற அந்த வாக்கியத்தை நான் எதிர்க்கவில்லை. சத்தம் நின்றால் போதும் என்று இருந்துவிட்டேன்.

போதாது என்பது தவமணியின் தொலைபேசியில் தெரிந்தது. சத்தம் உண்மையாகவே இருந்தது என்று நிறுவனம் ஒரு கடிதம் தந்தால் வைத்தியரிடம் காட்டலாம், அவருடைய கோப்பில் இருக்கும் அந்த முடிவை எடுக்கச் சொல்லலாம், அது எடுபட்டால்தான் பழைய பொறுப்பைக் கேட்கலாம் என்றார். நிறுவனத்தில் கேட்டேன். தனிநபர்களின் உடல்நிலை குறித்துக் கருத்துக் கூறுவதில்லை என்று சட்டப் பிரிவு பதில் அனுப்பியது. உடல்நிலையைப் பற்றி யார் கேட்டார்கள்? விசிறியைப் பற்றித்தானே கேட்டோம்! நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கடிதம் வரவில்லை. வெல்பி எனக்கு முந்திய மாதமே விருந்தோடும் பாராட்டோடும் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் சும்மா இருந்தேன். விளம்பரப் புத்தகத்தின் பதினோராம் பக்கம் வந்தது. மறுநாளே உட்கார்ந்து, என் சொந்தப் பெயரில், என் தகுதிகளைக் குறித்து, ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். இன்ன முகவரியில், இன்ன நாளில், படுக்கையறையில் அளந்தேன், ஒலி இருந்தது, அது காதால் கேட்கக்கூடியது, முதல் அறிக்கையின் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தவமணி வீட்டுக்குப் போனேன்.

அவர் மேசையில் வைத்து மெல்ல வாசித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"அந்த முதல் கணக்கு ஆர் போட்டது?"

"நான்."

"பிழையெண்டு எப்ப தெரியும்?"

"போடேக்கையே தெரியும். சரியான கணக்கும் போட்டனான். அதை எடுத்துப்போட்டினம். எடுத்த பிறகும் நான் கையெழுத்து வச்சனான்."

அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"என்ர கட்டில்ல படுத்துக் கேட்ட அண்டைக்கும் உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அலுமாரியிலிருந்து ஒரு பேனாவை எடுத்துவந்து அதன்மேல் போட்டார்.

"ஒரு பகுதி விடுபட்டது எண்டு எழுதியிருக்கிறியள். அது தானா விடுபட்டதோ, நீங்கள் விட்டதோ?"

"விட்டது."

"அப்ப அப்பிடி எழுதுங்கோ."

அந்த வரியை வெட்டினேன். கணக்கின் ஒரு பகுதி வேண்டுமென்றே நீக்கப்பட்டது, அது நீக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டே அறிக்கையில் கையெழுத்திட்டவள் நான் என்று மேலே எழுதி, பக்கத்தில் ஒப்பமிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு பெயர் இருந்திருந்தால் அது அந்த வரியோடு போயிற்று. போகட்டும். அவர் இன்னொரு முறை வாசித்துவிட்டு மடித்தார்.

"புதன்கிழமை டொக்டரிட்ட அப்பொயின்மென்ற் இருக்கு. கடிதம் மட்டும் குடுத்தா அவர் கோப்புக்குள்ள வச்சுப்போடுவார். நீங்களும் வரவேணும்."

"வாறன்."

புதன்கிழமை காலை அந்தச் சிறிய அறையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வைத்தியர் இளையவர். கடிதத்தை வாசித்தார், வெட்டி எழுதிய வரியில் புருவத்தை உயர்த்தினார், நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்படியானால், உண்மையிலேயே அங்கே சத்தம் இருந்ததா?"

"என்னைக் கேட்காதீர்கள்," என்றேன். "அவரைக் கேளுங்கள்."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு நாற்காலியைத் தவமணி பக்கம் திருப்பினார். அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார்.

"இருந்தது," என்றார் தவமணி. "எழுதுங்கோ."